கர்ப்ப காலத்து இரத்தப் பரிசோதனையும் பிரஷரும்: நம் ஊர்த் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் திருகோணமலையில் ஒரு லாப்பில் வேலை செய்கிறேன். இரத்தம் எடுப்பதும் அதைச் சோதித்து ரிப்போட் அடிப்பதும்தான் என் வேலை. நிலாவெளி, சாம்பல்தீவு, கிண்ணியா, தம்பலகாமம், மூதூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் கர்ப்பிணித் தாய்மார் வருவார்கள். ரிப்போட்டைக் கையில் வாங்கினதும் கண் போகிற இடம் எண்ணுக்குப் பக்கத்தில் கறுப்பாக விழுந்திருக்கும் 'எச்' அல்லது 'எல்' என்ற எழுத்துக்குத்தான், அதைக் கண்டதும் முகம் வாடிவிடும். கிளினிக் வர இன்னும் நாலு நாள் இருக்கும், அந்த நாலு நாளும் நித்திரை இல்லை. அவர்கள் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியது டொக்டர்தான், ஆனால் எது வழக்கமான மாற்றம், எதற்கு ஓட வேண்டும் என்று தாய்க்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ரிப்போட்டில் நாலைந்து இடத்தில் 'எச்', 'எல்' என்று இருக்கிறதே, எல்லாமே பிழையா?

இல்லை. ரிப்போட்டின் வலது பக்கத்தில் 'சாதாரண அளவு' என்று ஒரு வரிசை இருக்கும், பாருங்கள். அநேகமான லாப்களில் அது கர்ப்பமில்லாத வளர்ந்தவர்களுக்குரிய அளவு. அதை விடக் கூடினால் 'எச்', குறைந்தால் 'எல்', மெஷினுக்கு அவ்வளவுதான் தெரியும். உங்கள் வயிற்றில் பிள்ளை இருப்பது அதற்குத் தெரியாது. ஆனால் கர்ப்பத்தில் இதயம் தள்ளும் இரத்தம் 30 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது, சிறுநீரகம் வடிகட்டுவது ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிறது, நச்சுக்கொடி தன் பங்குக்குச் சில பொருட்களை இரத்தத்தில் விடுகிறது. இவ்வளவும் மாறினால் எண்களும் மாறத்தான் வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு, எனக்கு அதுதான் கூடுதல் பயம். எந்த எழுத்தும் விழாமல் 'நோர்மல்' மாதிரி வருகிற எண், கர்ப்பிணிக்குச் சரியில்லாததாக இருக்கலாம். கீழே சீனி, கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவது), டெங்கு பற்றி எழுதும் இடங்களில் இது வரும்.

முதல் கிளினிக்கில் ஹீமோகுளோபின் 12.6 இருந்தது, 26 கிழமையில் 10.8 ஆகிவிட்டது. நான் ஒழுங்காகக் குளுசை போடுகிறேன், ஏன் இறங்கியது?

இரத்தத்தில் இரண்டு பகுதி இருக்கிறது: சிவப்பணுக்கள், அவை மிதக்கும் நீர்ப்பகுதியான பிளாஸ்மா. கர்ப்பத்தில் இரண்டுமே கூடும். ஆனால் பிளாஸ்மா 40 முதல் 50 சதவீதம் கூடும்போது சிவப்பணுக்கள் 20 முதல் 30 சதவீதம்தான் கூடுகின்றன. குழம்புக்குத் தண்ணீர் கூட விட்டால் உறைப்பு குறைகிற மாதிரி, அணுக்கள் முன்னரை விட அதிகமாக இருந்தும் டெசிலீற்றர் கணக்கில் பார்க்கும்போது எண் இறங்கித் தெரியும். இந்த இறக்கம் நடு மூன்று மாதத்தில்தான் அதிகம்.

அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையும் வேறு: முதல் மூன்று மாதத்திலும் கடைசி மூன்று மாதத்திலும் 11க்குக் கீழே போனால் இரத்தசோகை, நடு மூன்று மாதத்தில் 10.5க்குக் கீழே போனால் இரத்தசோகை. சாதாரணப் பெண்ணுக்கு 12. ஆகவே 26 கிழமையில் 10.8 என்பது எல்லைக்குள் இருக்கிறது, ஆனால் ஓரத்தில் இருக்கிறது. இரும்புச்சத்துக் குளுசையை விடக்கூடாது. 9.5, 8 என்று வந்தால் 'தண்ணி கூடினதால் வந்தது' என்று வீட்டிலேயே சமாதானம் சொல்லிக்கொண்டு இருக்கவும் கூடாது.

கடைசி மாதங்களில் ஹீமோகுளோபின் இறங்காமல் 13க்கு மேலே நின்றால் 'நல்ல இரத்தம்' என்று மாமி சந்தோஷப்படுவார். சிலருக்கு அது பிளாஸ்மா கூட வேண்டிய அளவுக்குக் கூடவில்லை என்பதன் அடையாளமாக இருக்கலாம். பிரஷரையும் பிள்ளையின் வளர்ச்சியையும் கவனமாகப் பார்க்கும்படி டொக்டரிடம் கேளுங்கள்.

குளுசை போட்டும் ஏறவில்லை என்றால்?

முதலில் எப்படிப் போடுகிறீர்கள் என்று பாருங்கள். இரும்புக் குளுசையும் கல்சியம் குளுசையும் கிளினிக்கில் ஒரே நாளில்தான் தருவார்கள். இரண்டையும் ஒன்றாக வாயில் போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது, ஆகவே ஒன்றைக் காலையிலும் மற்றதை இரவிலும் போடுங்கள். பிளேன்டீயும் அப்படித்தான். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிக்கிற பழக்கம் நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கிறது, அந்தத் தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், குறைந்தது ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடியுங்கள். தேசிக்காய்த் தண்ணீரோ விற்றமின் சியோ கூட இருந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், குளுசையின் நிறம்தான். முருங்கை இலையும் பொன்னாங்காணியும் நல்லவை, சாப்பிடுங்கள், ஆனால் குறைந்து போன இரும்பைக் கீரை மட்டும் நிரப்பாது. மீனிலும் இறைச்சியிலும் உள்ள இரும்பு அதைவிட லேசாகச் சேரும்.

இவ்வளவும் செய்தும் ஏறாவிட்டால் ரிப்போட்டில் எம்.சி.வி. என்ற எண்ணைப் பாருங்கள், சிவப்பணுவின் பருமனைச் சொல்வது அது. 80க்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவாக இருக்கலாம், அல்லது நீங்கள் தலசீமியா என்ற பரம்பரை இரத்த வருத்தத்தின் வாகியாக, அதாவது வருத்தம் இல்லாமல் அதைப் பிள்ளைக்குக் கடத்தக்கூடியவராக, இருக்கலாம். ஃபெரிட்டின் பார்த்தால் இரும்பு இருப்பு தெரியும். அது போதுமான அளவு இருந்து எம்.சி.வி. மட்டும் சிறிதாக இருந்தால் தலசீமியாவுக்கான சோதனை செய்ய வேண்டும், தாய்க்கு அது உறுதியானால் கணவரின் இரத்தத்தையும் பார்க்க வேண்டும். 'எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நான் ஏன் இரத்தம் குடுக்கவேணும்' என்று கேட்கிற தம்பிமாருக்கு: வாகிக்கு வருத்தம் எதுவும் தெரியாது. இரண்டு பேரும் வாகியாக இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் தலசீமியா வர நாலில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. தயவுசெய்து வாருங்கள்.

வெள்ளணு 13,800 என்று வந்திருக்கிறது. கிருமி ஏதும் இருக்குமா? பார்மசியில் அன்ரிபயோட்டிக் வாங்கலாமா?

வாங்க வேண்டாம். கர்ப்பத்தில் வெள்ளணு தானாகவே கூடும், 15,000 - 16,000 வரை போவதும் வழக்கம். பிரசவ வலியின்போது 25,000ஐத் தாண்டிப் போவதும் உண்டு, அப்புறம் இறங்கிவிடும். காய்ச்சல், சலம் போகும்போது எரிவு, கெட்ட வாடையுடன் வெள்ளை படுதல், இவற்றோடு சேர்ந்து கூடியிருந்தால்தான் தொற்றைத் தேட வேண்டும். அதையும் டொக்டர்தான் தேட வேண்டும். ஈ.எஸ்.ஆர். (குழாயில் சிவப்பணுக்கள் அடியில் படியும் வேகம்) 'எச்' என்று வருவதும் இப்படித்தான், கர்ப்பத்தில் அது எப்போதுமே கூடத்தான் இருக்கும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பிளேட்லட் 1,32,000. டெங்கா?

காய்ச்சல் இல்லாமல், ஒரு நோவும் இல்லாமல், வழக்கமான சோதனையில் இப்படி வந்தால் பெரும்பாலும் இல்லை. ஏறத்தாழ பத்துத் தாய்மாரில் ஒருவருக்குக் கடைசி மாதங்களில் பிளேட்லட், அதாவது இரத்தம் உறைய உதவும் சின்ன அணுக்கள், 1,50,000க்குக் கீழே இறங்கும், பிரசவத்துக்குப் பிறகு தானாக ஏறும். ஒரு லட்சத்துக்குக் கீழே போனால் வேறு காரணம் தேட வேண்டும். பிரஷரும் கூடி பிளேட்லட்டும் இறங்கினால் அது அவசரம்.

லாப்பில் நடக்கிற ஒரு விஷயமும் சொல்ல வேண்டும். முழு இரத்தப் பரிசோதனைக்கு ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுப்போம், எடுத்த உடனே அதை மெதுவாக எட்டுப் பத்துத் தரம் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் உள்ளே சின்னச் சின்னக் கட்டி விழுந்து பிளேட்லட்டுகள் அதில் மாட்டிக்கொள்ளும், மெஷின் குறைத்து எண்ணும். சிலரின் இரத்தத்தில் நன்றாகக் கலக்கினாலும் அந்தக் குழாயில் உள்ள மருந்துக்கே பிளேட்லட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். எதிர்பாராமல் குறைந்து வந்தால் நாங்கள் ஒரு சொட்டைக் கண்ணாடியில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டும், பார்த்தீர்களா என்று நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

காய்ச்சல் இருந்தால் கதையே வேறு. 2017இல் கிண்ணியாப் பக்கம் டெங்கு எப்படி அடித்தது என்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. கர்ப்பிணிக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், 'மூன்றாம் நாள் இரத்தம் பார்ப்போம்' என்று வீட்டில் இருக்கக்கூடாது. காரணம் இதுதான். டெங்குவில் வெள்ளணு இறங்கும், ஆனால் உங்கள் வெள்ளணு வழக்கத்தில் 12,000 இருந்து 6,000க்கு இறங்கினால் ரிப்போட்டில் எந்த எழுத்தும் விழாது, அச்சடித்த அளவு 4,000 முதல் 11,000 தானே. இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும்போது பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற எண், ஏறும், ஆனால் கர்ப்பத்தில் 33 இருந்த பி.சி.வி. 40க்கு ஏறினாலும் அதுவும் சாதாரண அளவுக்குள்தான் விழும். ரிப்போட் முழுக்க 'நோர்மல்', தாய் ஆபத்தில். ஆகவே காய்ச்சலோடு வரும்போது பழைய ரிப்போட்டையும் கிளினிக் கொப்பியையும் மறக்காமல் கொண்டு வாருங்கள், உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் இறக்கமும் ஏற்றமும் தெரியும். பரசிற்றமோல் தவிர வேறு நோக் குளுசை போட வேண்டாம். பிரஷருக்காக அஸ்பிரின் போடுகிறவர் என்றால் அதை முதலில் சொல்லுங்கள். பப்பாசி இலைச் சாறு குடித்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று அரை நாள் கூடத் தாமதிக்க வேண்டாம்.

என் பிரஷர் 96க்கு 58. கூடவே தலைச்சுற்றும் இருக்கிறது. உப்புத் தண்ணீர் குடிக்கலாமா?

கர்ப்பத்தில் இரத்தக் குழாய்கள் தளர்ந்து விரிகின்றன, அதனால் முதல் மாதங்களிலேயே பிரஷர் இறங்கத் தொடங்கி நடு மாதங்களில், அதாவது 20 கிழமை முன்பின்னாக, மிகக் குறைவாக இருக்கும். கீழ் எண் 5 முதல் 10 வரை இறங்கலாம், சிலருக்கு இறக்கம் தெரியவே தெரியாது. முதலிலிருந்தே மெலிந்த, சின்னப் பிரஷர்காரிக்கு 96/58 வருவது புதினமில்லை. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 10 முதல் 20 வரை கூடுவதும் இதோடு சேர்ந்ததுதான்.

தலைச்சுற்றுக்கு நம் ஊரில் இன்னொரு காரணமும் இருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் வெளியே பத்து நிமிடம் நின்றாலே உடம்பு காய்ந்துவிடும், கர்ப்பிணிக்குச் சொல்லவே வேண்டாம். தண்ணீர், இளநீர், கஞ்சி என்று நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள், காலைச் சாப்பாட்டைத் தவற விடாதீர்கள், படுக்கையை விட்டுச் சட்டென்று எழும்ப வேண்டாம். பிரஷரைக் கூட்டுவதற்காக உப்புத் தண்ணீர் குடிக்க வேண்டாம். வயிறு பெருத்த பிறகு மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய நாளத்தை அழுத்தி இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தைக் குறைக்கும், வியர்த்து மயக்கம் வரும். இடது பக்கம் திரும்பிப் படுத்தால் நிமிடத்தில் தெளியும்.

மயங்கியே விழுந்தால், இரத்தம் பட்டால், கடும் வயிற்று வலி இருந்தால், மூச்சு முட்டினால், அப்போது இது சாதாரணக் குறைந்த பிரஷர் இல்லை. உடனே போங்கள்.

34 கிழமையில் பிரஷர் ஏறிக்கொண்டு வருகிறது. 100/64 இருந்தது, இப்போது 118/76. பயப்பட வேணுமா?

கடைசி மூன்று மாதத்தில் பிரஷர் பழைய நிலைக்குத் திரும்பும், அந்த ஏற்றம் வழக்கமாக வருவது. கூடிய பிரஷர் என்பது மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்று வந்தாலும் போதும், நாலு மணித்தியாலம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்வார்கள். 160 அல்லது 110 வந்தால் காத்திருக்கவே கூடாது. 20 கிழமைக்குப் பிறகு பிரஷர் கூடி, அதோடு சலத்தில் புரதமும் போனால், அல்லது ஈரல், சிறுநீரகம், பிளேட்லட் பாதிக்கப்பட்டால், அது பிரீஎக்லம்சியா.

100/64 இருந்தவருக்கு 136/88 வந்தால் எல்லைக்கு இந்தப் பக்கம்தான், ஆனால் நான் அதை லேசாக எடுக்க மாட்டேன். அடுத்த கிளினிக் வரை காத்திராமல் ஓரிரு நாளில் மறுபடி அளக்கச் சொல்லி மிட்வைஃப் மிஸ்ஸிடம் கேளுங்கள்.

வீட்டில் ஒரு எண், கிளினிக்கில் ஒரு எண். எதை நம்புவது?

எப்படி அளந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. வெயிலுக்குள் நடந்து வந்து, மூச்சு வாங்க வாங்க கையை நீட்டினால் கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் கதிரையில் முதுகு சாய்த்து உட்காருங்கள், கால் இரண்டும் நிலத்தில் இருக்க வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று போடக்கூடாது, சலப்பையைக் காலி செய்திருக்க வேண்டும், கை நெஞ்சு உயரத்தில் மேசையில் இருக்க வேண்டும், அளக்கும்போது கதைக்கக்கூடாது. கைப்பட்டி இறுக்கமான சட்டைக் கைக்கு மேலே சுற்றப்பட்டால் எண் பிழைக்கும். பருமனான கைக்குச் சின்னப் பட்டி போட்டால் இல்லாத பிரஷர் கூடக் காட்டும், பெரிய பட்டி கேளுங்கள். வீட்டுக்கு மெஷின் வாங்குவதென்றால் மேல்கையில் கட்டுகிறதை வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுகிறது வேண்டாம். ஒரு தரம் அதைக் கிளினிக்குக் கொண்டுபோய் அவர்கள் மெஷினோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண், திகதி, நேரம் மூன்றையும் எழுதி வையுங்கள்.

கருவாட்டை நிறுத்தினால் பிரஷர் வராதா?

உப்பைக் குறைப்பதால் பிரீஎக்லம்சியாவைத் தடுக்க முடியாது. கர்ப்பத்துக்கு முன்னரே பிரஷர் இருந்தவர் என்றால் டொக்டர் சொன்னபடி செய்யுங்கள். மற்றவர்கள் கருவாட்டை அளவாகச் சாப்பிடலாம், தினமும் வேண்டாம். உண்மையில் உதவுவது என்று தெரிந்தவை இரண்டு: கல்சியம் குறைவாகச் சாப்பிடுகிறவர்களுக்குக் கல்சியம் குளுசை, ஆபத்து கூடியவர்களுக்கு 12 கிழமையிலிருந்து, 16 கிழமைக்கு முன்னரே தொடங்கும் குறைந்த அளவு அஸ்பிரின். போன பிள்ளைக்குப் பிரஷர் வந்தது, இரட்டைப் பிள்ளை, சீனி வருத்தம், சிறுநீரக வருத்தம் இருந்தால் முதல் கிளினிக்கிலேயே சொல்லிவிடுங்கள். தானாக வாங்கிப் போட வேண்டாம்.

கால் வீங்குகிறது. அது பிரஷரா?

பின்னேரத்தில் கால் வீங்கிக் காலையில் வற்றினால் பெரும்பாலும் இல்லை. முகமும் கையும் திடீரென்று வீங்குவது, விடாத தலையிடி, கண் மங்கல் அல்லது கண்முன் மின்னல், வலது விலா எலும்புக்குக் கீழே நோ, சத்தி, மூச்சு முட்டல், பிள்ளை துடிப்பது குறைதல், இவற்றில் ஒன்று வந்தாலும் இரவென்று பாராமல் போங்கள். ஈச்சிலம்பற்று, குச்சவெளி மாதிரித் தூர இடமென்றால் 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். இவை ஒன்றும் இல்லாமலே பிரஷர் கூடியிருக்கிற தாய்மாரும் இருக்கிறார்கள், அதனால்தான் சுகமாக இருக்கும்போதும் கிளினிக்கைத் தவற விடாதீர்கள் என்று சொல்வது.

வெறும் வயிற்றுச் சீனி 96. ரிப்போட்டில் 100 வரை நோர்மல் என்று போட்டிருக்கிறதே?

கர்ப்பிணிக்கு எல்லை 92. கர்ப்பத்தில் வெறும் வயிற்றுச் சீனி இறங்குவதுதான் வழக்கம், ஆகவே 96 என்பது எழுத்து விழாத, ஆனால் கவனிக்க வேண்டிய எண். 24 முதல் 28 கிழமைக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனையில் வெறும் வயிற்றில் 92, ஒரு மணித்தியாலத்தில் 180, இரண்டாவது மணித்தியாலத்தில் 153, இதில் ஒன்று தொட்டாலும் கர்ப்ப கால நீரிழிவு என்று எடுப்பார்கள். 'எச்.பி.ஏ.வன்.சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் சோதனை) நல்லாயிருக்கு' என்பதை வைத்து இந்தச் சோதனையை விட வேண்டாம், சிவப்பணு சீக்கிரம் புதிதாகிற கர்ப்ப காலத்தில் அது குறைத்துக் காட்டும்.

மற்ற எண்கள்?

கிரியாட்டினின் கர்ப்பத்தில் இறங்கி 0.4 முதல் 0.8 வரை இருக்கும். 1.0 என்று வந்தால் ரிப்போட் பேசாமல் இருக்கும், டொக்டரிடம் நீங்கள் காட்டிப் பேச வேண்டும். அல்கலைன் பொஸ்ஃபடேஸ் நச்சுக்கொடியிலிருந்தும் வருவதால் கடைசி மாதங்களில் இரண்டு மூன்று மடங்கு கூடலாம், அது தனியாகக் கூடினால் ஈரல் பழுது இல்லை. ஆனால் ஈரல் பழுதைக் காட்டும் ஏ.எல்.ரி., ஏ.எஸ்.ரி. கர்ப்பத்தில் கூடுவதில்லை, கூடினால் காரணம் தேட வேண்டும். அல்புமின் என்ற இரத்தப் புரதம் குறையும். கொலஸ்ட்ரோல் ஏறும், ட்ரைகிளிசரைட் இரண்டு மூன்று மடங்காகும், ஆகவே ஒரு காரணமும் இல்லாமல் 'எல்லாம் சேர்ந்த பக்கேஜ்' செய்து காசையும் நித்திரையையும் கெடுக்க வேண்டாம். இரத்தம் உறைவதோடு தொடர்புள்ள டி-டைமரும் கர்ப்பத்தில் கூடும். தைரொயிட் சோதனையான டி.எஸ்.எச். முதல் மூன்று மாதத்தில் இறங்குவது வழக்கம், கூடி வந்தால் காட்டுங்கள்.

பிள்ளை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிடுமா?

வெள்ளணு சில நாளில் இறங்கும், பிளாஸ்மா ஆறு கிழமை அளவில் பழைய நிலைக்கு வரும். பிரஷர் மட்டும் அப்படி நேராக இறங்காது. பிரசவம் முடிந்து மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை அது ஏறும், அந்த நாட்களில்தான் நீங்கள் வீட்டுக்கு வந்து, சுடுதண்ணியும் பத்தியச் சாப்பாடுமாக, எல்லாருடைய கண்ணும் பிள்ளை மேல் இருக்கும். அப்போது வருகிற கடும் தலையிடியை 'நித்திரை இல்லாததால்' என்று விட்டுவிட வேண்டாம், பிரீஎக்லம்சியா பிரசவத்துக்குப் பிறகும் ஆறு கிழமை வரை வரலாம், கர்ப்பத்தில் பிரஷர் இல்லாதவருக்கும் வரலாம். மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வரும்போது பிள்ளையை நிறுத்துப் பார்த்த கையோடு உங்கள் கையையும் நீட்டிப் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். இரும்புக் குளுசையை அவர் நிறுத்தச் சொல்லும் வரை போடுங்கள்.